வலி வார்டில் ஃபார்ம்டி மாணவருக்கு என்ன வேலை? எங்கே தொடங்குவது, யாரிடம் ஒப்படைப்பது

ஃபார்ம்டி என்ற ஆறு வருட மருந்தாளுநர் படிப்பில் நான்காம் வருடம் படித்தபோது உலக நோய்த்தணிப்பு நாளுக்கு ஒரு பேரணி நடத்தினேன். நோய்த்தணிப்பு என்றால் பாலியேட்டிவ் கேர், கடும் நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் சிகிச்சை. ஆண்டுதோறும் அக்டோபரின் இரண்டாவது சனிக்கிழமை வரும் நாள் அது. தொப்பி, பேனர், சிறப்பு விருந்தினர், பொன்னாடை, எதற்கும் குறைவில்லை. திங்கட்கிழமை வார்டுக்குப் போனால், போன வாரம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு பாட்டி மறுபடி கட்டிலில் கிடந்தார். வயிறு உப்பி, ஐந்து நாளாக மலம் போகாமல், பயந்துபோய் மார்ஃபின் மாத்திரையையே நிறுத்திவிட்டிருந்தார். மார்ஃபின் கடும் வலிக்கான மருந்து, ஆனால் மலத்தைக் கட்டும். கூடவே மலமிளக்கி எழுதவில்லையா என்றால், எழுதித்தான் இருந்தார்கள். மார்ஃபினை மருத்துவமனை மருந்தகத்திலேயே கொடுத்துவிட்டார்கள். மலமிளக்கி வெளியே வாங்கவேண்டியது. அது சீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. மகன் முன்பக்கத்தை மட்டும் கடையில் காட்டியிருக்கிறார்.

பேனருக்கு வாசகம் எழுத எங்களில் பதினைந்து பேர் இருந்தோம். சீட்டைத் திருப்பிக் காட்ட ஒருவர்கூட இல்லை.

ஃபார்ம்டி படித்துக்கொண்டு, வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைப் பக்கம் ஏதாவது செய்யவேண்டும், கொஞ்சம் முன்னால் நின்று நடத்தவும் வேண்டும் என்று நினைக்கிற மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் வலி மேலாண்மைக்கும் நோய்த்தணிப்புக்கும் என்றே மருந்தாளுநர்களுக்குப் பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியில் (ரெசிடென்சி) தனி இரண்டாம் ஆண்டு இருக்கிறது. அதற்கென்று சங்கமும் இருக்கிறது. நம் ஊரில் பெரும்பாலான மருத்துவமனைகளில் 'பாலியேட்டிவ் பார்மசிஸ்ட்' என்ற நாற்காலியே கிடையாது. அதனால் இங்கே யாரும் உங்களைத் தேர்ந்தெடுத்துப் பதவி தரப்போவதில்லை. யாருக்கும் நேரமில்லாத, ஆனால் செய்தே ஆகவேண்டிய ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொள்வதுதான் வழி. அதை விடாமல் செய்து, நீங்கள் படிப்பு முடித்துப் போன பிறகும் நடக்கிற மாதிரி வைத்துவிட்டுப் போகவேண்டும்.

முதலில் எந்த மருத்துவமனை என்று பாருங்கள்

உங்கள் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனையில் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? இந்தக் கேள்வியை மருந்தகப் பொறுப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். ஊசி இருக்கிறது என்பார்கள். அறுவை சிகிச்சை அரங்கில் அது இருக்கும். மாத்திரை இருக்கிறதா என்பதுதான் விஷயம். மாத்திரை இருந்தால் அங்கே நாள்பட்ட வலியை யாரோ ஒருவர் அக்கறையோடு பார்க்கிறார் என்று அர்த்தம்.

இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதை உண்டு. 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டம் கடத்தல்காரர்களைப் பிடிக்க எழுதப்பட்டது, மாட்டிக்கொண்டது நோயாளிகள். மார்ஃபின் வாங்கிவைக்க ஒரு மருத்துவமனை பல உரிமங்கள் எடுக்கவேண்டும், ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். பல இடங்களில் வேண்டாம் இந்தத் தலைவலி என்று மார்ஃபினையே விட்டுவிட்டார்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2015-இல் விதிகள் வந்தன. மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அத்தியாவசிய போதை மருந்துகள் என்று அறிவிக்கப்பட்டன. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற ஒரே அனுமதி வாங்கினால் போதும் என்றானது. அந்த அனுமதிக்கு, வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவராவது அங்கே இருக்கவேண்டும். மருத்துவமனைகளில் இதை ஆர்.எம்.ஐ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இந்த மூன்று எழுத்தும் உங்களுக்குத் தெரியும் என்று தெரிந்தாலே மருந்தகத்தில் இருப்பவர் உங்களை உட்காரச் சொல்வார்.

உங்கள் மருத்துவமனையில் இல்லையென்றால் வெளியே பாருங்கள். சென்னையில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூரில் சி.எம்.சி. ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே போய்ச் செய்யும் சேவைகளில் நோய்த்தணிப்பும் ஒன்று. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்குரிய செவிலியர் யார் என்று விசாரிக்கலாம். எல்லையோர மாவட்டத்தில் படிப்பவர்கள் கேரளத்துப் பக்கமும் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் நண்பர்களோடு தொடங்கியது ஒரு சிறிய அமைப்பு. அங்கிருந்து வளர்ந்து, 2008-இல் மாநிலமே நோய்த்தணிப்புக்குத் தனிக் கொள்கை வெளியிடுகிற அளவுக்குப் போனது. அங்கே ஊர்க்காரர்களும் மாணவர்களும்தான் பாதி வேலையைச் சுமக்கிறார்கள். ஒரு நாள், நோயாளியை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் அவர்களுடைய ஹோம் கேர் வண்டியில் போய்வந்தால் உங்களுக்கு ஒரு படம் கிடைத்துவிடும்.

அடுத்து, படிக்கவேண்டியது

ஃபார்ம்டி பாடத்திட்டத்தில் வலி மேலாண்மை நான்காம் வருட மருந்துச் சிகிச்சையியலில் ஒரு சின்ன அலகு. வலிப் பாதைகள், நரம்பு வலி, தலைவலி, அவ்வளவுதான். தேர்வுக்குப் போதும், வார்டுக்குப் போதாது.

வார்டுக்கு முதலில் வேண்டியது சில விஷயங்களே. உலக சுகாதார நிறுவனம் 1986-இல், வலி கூடக் கூட மருந்தைப் படிப்படியாக வலுவாக்கும் மூன்று படி ஏணியைத் தந்தது. 2018-இல் புற்றுநோய் வலிக்கான வழிகாட்டுதலைப் புதுப்பித்தது. ஏணியை மனப்பாடம் செய்வதைவிட 'வாய்வழியாக, கடிகாரப்படி, ஆளுக்கேற்ப' என்ற கொள்கையைப் புரிந்துகொள்ளுங்கள். கடிகாரப்படி என்றால், வலிக்கும்போது மட்டும் கொடுப்பதல்ல. வலி தலைதூக்கும் முன்பே அடுத்த வேளையைக் கொடுப்பது. சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரம்தான் தாங்கும். நான்கு மணிக்கொரு முறை 10 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 60. நடுவில் வலி முட்டிக்கொண்டு வந்தால் கொடுக்கும் அவசர வேளை நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு 10. இதே 60-க்கு, தோலில் ஒட்டும் ஃபென்டனில் ஒட்டு (பேட்ச்) ஏறத்தாழ மணிக்கு 25 மைக்ரோகிராம். வாய்வழியிலிருந்து ஊசிக்கு மாறினால் அளவு பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும். எந்தக் கணக்கைப் பின்பற்றுகிறார்கள் என்பதை உங்கள் யூனிட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு நீங்கள் போடலாம், போட்டுப் பழகவேண்டும். ஆனால் அதைச் சரிபார்த்து எழுதுவது மருத்துவர். இந்தக் கோட்டை எந்த நாளும் தாண்டக்கூடாது.

சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபின் உடம்பில் உடைந்து உருவாகும் பொருட்கள் வெளியேறாமல் சேர்ந்துபோகும். தூங்கி வழிவார், கை கால் வெட்டி இழுக்கும். அதனால் மார்ஃபின் சீட்டைப் பார்த்தவுடன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் எவ்வளவு என்று கண் தேடவேண்டும். ஃபென்டனில் ஒட்டை வெட்டக்கூடாது, அதன்மேல் சுடுநீர்ப் பை வைக்கக்கூடாது, மூன்று நாளுக்கொரு முறை மாற்றவேண்டும், கழற்றியதைப் பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடிக்கவேண்டும். ஏற்கெனவே ஓபியாய்டு (மார்ஃபின் வகை மருந்து) எடுத்துப் பழகாதவருக்கு அது முதல் மருந்தாக வரக்கூடாது.

படிப்பவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒன்றையும் சொல்கிறேன். நம் ஊரில் வாய், தொண்டைப் புற்றுநோய் அதிகம். மூக்குவழிக் குழாயோடு படுத்திருப்பவர்களும் அதிகம். மாத்திரையைப் பொடித்து, தண்ணீரில் கரைத்து, குழாயில் விடுவார்கள். பன்னிரண்டு மணி நேரம் மெல்லக் கரையவேண்டிய மார்ஃபின் மாத்திரையைப் பொடித்துவிட்டால் அரை நாள் மருந்து ஒரே மூச்சில் உள்ளே போகும். மலமிளக்கியாகத் தரும் பிசாகோடில் மாத்திரைக்கும் மேலே ஒரு பூச்சு உண்டு, அதையும் பொடிக்கக்கூடாது. குழாய்க்காரருக்கு லாக்டுலோஸ் போன்ற சிரப்தான் பொருத்தம். மருத்துவரும் செவிலியரும் இதை அறியாதவர்கள் அல்ல. அறுபது நோயாளிக்கு நடுவில் அட்டையைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை, அவ்வளவுதான். உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒரு மாணவனிடம் இருக்கும் மிகப் பெரிய சொத்து அதுதான்.

முறையான பயிற்சி வேண்டுமென்றால், 1994-இல் தொடங்கிய இந்திய நோய்த்தணிப்புச் சங்கம் அடிப்படைச் சான்றிதழ் படிப்பு ஒன்றை நடத்துகிறது. திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா நடத்தும் பயிற்சிகளில் இணையவழியானவையும் உண்டு. இவை பெரும்பாலும் மருத்துவரையும் செவிலியரையும் மனதில் வைத்து அமைந்தவை. பணம் கட்டும் முன்பு ஃபார்மசி மாணவரைச் சேர்ப்பார்களா என்று கேட்டுவிடுங்கள்.

முதல் மூன்று மாதம், வாயைத் திறக்காமல் ஒரு நோட்டு

அனுமதி வாங்குவது எப்படி? உங்கள் ப்ரிசெப்டரிடம் (வார்டில் உங்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியரிடம்) முதலில் பேசுங்கள். அவர் வழியாகத் துறைத்தலைவர், அவர் வழியாக வார்டு மருத்துவர். 'நாங்கள் ஒரு கிளப் தொடங்கப்போகிறோம்' என்று போகாதீர்கள். கிளப் என்றதும் புகைப்படமும் பொன்னாடையும்தான் அவர்களுக்கு ஞாபகம் வரும். 'சார், வாரத்தில் இரண்டு நாள் ரவுண்ட்ஸுக்கு முன்னால் வந்து, வலி மருந்து எடுப்பவர்களின் சார்ட்டை மட்டும் பார்க்கிறேன். எதிலும் எழுதமாட்டேன்' என்று சொல்லுங்கள். மறுக்கக் காரணம் இருக்காது.

நோட்டில் நான்கு கேள்வி போதும். நேரப்படி வலி மருந்து இருக்கிறதா? அவசர வேளை எழுதப்பட்டிருக்கிறதா? மலமிளக்கி இருக்கிறதா? கிரியாட்டினின் எவ்வளவு? கட்டில் எண், தேதி, ஆம் அல்லது இல்லை. நோயாளி பெயர் வேண்டாம்; நோட்டு தொலைந்தாலும் யாருடைய ரகசியமும் தெருவுக்கு வரக்கூடாது. கூடவே ஒரே பாராசிட்டமால் இரண்டு கூட்டு மாத்திரையில் ஒளிந்துகொண்டு வருகிறதா என்றும் பாருங்கள்; அடிக்கடி வரும்.

ஏதாவது விடுபட்டிருந்தால் நேராக மருத்துவரிடம் ஓடாதீர்கள். முதலில் வார்டு சிஸ்டரிடம். 'சிஸ்டர், ஐந்தாவது பெட்டில் மார்ஃபின் இருக்கிறது, பிசாகோடில் சார்ட்டில் காணோம். நான் சரியாகத்தான் பார்க்கிறேனா?' என்று கேளுங்கள். பாதி நேரம் அவர், 'நேற்றுதான் வயிற்றுப்போக்கு என்று நிறுத்தினார்கள்' என்பார். அப்போது நீங்கள் தப்பித்தீர்கள். மீதி நேரம், 'ஆமாம், ரவுண்ட்ஸில் சொல்லு' என்பார். அவர் சொல்லச் சொன்னதாகச் சொல்லும்போது அதற்கு மரியாதையே வேறு. ரவுண்ட்ஸில் ஒரு வரி, அதுவும் கேள்வியாக: 'சேர்க்கலாமா சார்?' கையேட்டை மேற்கோள் காட்டும் ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதம் கழித்து நோட்டை எண்ணிப் பாருங்கள். எத்தனை பேருக்கு மலமிளக்கி விடுபட்டிருந்தது, சொன்ன பிறகு எத்தனை பேருக்குச் சேர்ந்தது? அந்த இரண்டு எண்களும் உங்கள் கையில் இருந்தால் துறைத்தலைவர் அறைக்கு நீங்கள் போகவேண்டாம், அவரே கூப்பிடுவார்.

ஆள் சேர்ப்பது

ஐந்து பேர் போதும். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் வேண்டாம். பதவி வந்த மறுநாளே போஸ்டரில் யார் படம் பெரிது என்ற பேச்சு வரும். எந்தக் கிழமை யார் என்று ஒரு அட்டவணை மட்டும் போடுங்கள். இன்டர்னல் தேர்வு வாரங்களை அட்டவணையில் முன்கூட்டியே குறித்துவிடுங்கள். அந்த வாரங்களில் ஐந்தாம் வருடத்து அண்ணனோ அக்காவோ பார்த்துக்கொள்ளட்டும். இப்படிப்பட்ட முயற்சிகள் பெரும்பாலும் செத்துப்போவது தேர்வு வாரத்தில்தான், கொள்கைச் சண்டையில் அல்ல.

யாரைச் சேர்ப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. சமீபத்தில் வீட்டில் ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்தான் முதலில் கை தூக்குவார். அந்த ஆர்வம் உண்மையானது. ஆனால் உடனே வார்டில் விடாதீர்கள். மருந்துப் பட்டியல் தயாரிப்பது, துண்டறிக்கை எழுதுவது என்று சில மாதம் வெளியே வேலை கொடுங்கள். எங்கள் குழுவில் ஒரு தங்கை, அப்பா இறந்து இரண்டு மாதத்தில் வந்தவள், அதே வயதுக்காரர் ஒருவரின் சார்ட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள். அன்று அவளை அனுப்பியது நான். அவளிடம் முன்பே கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை.

அதற்கப்புறம் ஒரு வழக்கம் வைத்தோம். வாரக் கடைசியில் அரை மணி நேரம், கேன்டீனில், டீயோடு. கேஸ் பேசுவதற்கு அல்ல. இந்த வாரம் எந்தக் கட்டில் காலியானது, அது உனக்கு எப்படி இருந்தது என்று பேசுவதற்கு. முதல் வாரம் எல்லோரும் சிரித்து மழுப்புவார்கள். நான்காவது வாரம் யாராவது ஒருவர் உண்மையாகப் பேசுவார். முடிந்தால் மாதம் ஒரு முறை மூத்த செவிலியர் ஒருவரையும் கூப்பிடுங்கள். சாவைப் பற்றி நம்மில் யாருக்கும் வகுப்பில் பாடம் எடுக்கவில்லை; அவர்கள் பார்த்துப் பார்த்துப் படித்தவர்கள்.

வீட்டுக்குப் போகும்போது

ஹோம் கேர் வண்டியில் இடம் கிடைத்தால் அதைவிடப் பெரிய வாய்ப்பு வேறில்லை. படியேறும் முன்பு செவிலியரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நோயாளிக்கு என்ன தெரியும்? நம் வீடுகளில் 'அப்பாவிடம் சொல்லிவிடாதீங்க, கட்டி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்' என்பது சர்வ சாதாரணம். பல நேரம் அப்பாவுக்கும் தெரியும். பிள்ளைகள் வருத்தப்படுவார்கள் என்று அவரும் நடித்துக்கொண்டிருப்பார். அந்த முடிச்சை அவிழ்ப்பது உங்கள் வேலை அல்ல. தெரியாமல் வாய்விட்டு அதை இறுக்கிவிடாமல் இருந்தால் போதும்.

உள்ளே போனதும் மருந்துப் பையைக் கேளுங்கள். மஞ்சள் பையிலும் பிஸ்கட் டப்பாவிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் மருந்து இருக்கும். எல்லாவற்றையும் பாயில் கொட்டி மூன்றாகப் பிரியுங்கள்: இப்போது எடுப்பது, நிறுத்தச் சொன்னது, யாருடையது என்றே தெரியாதது. பிரித்ததைச் செவிலியரிடம் காட்டுங்கள். நிறுத்திய மருந்தை அந்த வீட்டின் அனுமதியோடு தனியே கட்டிவையுங்கள். பிறகு ஒரு தாளில் நேரப் பட்டியல் எழுதுங்கள். படிக்கத் தெரியாதவர் வீடாக இருந்தால் சூரியனும் நிலாவும் வரைந்து, அந்தந்த மாத்திரையின் காலி அட்டையிலிருந்து ஒரு துண்டை அதனருகில் ஒட்டிவிடுங்கள். பேரக்குழந்தை இருந்தால் அதனிடம் வரையச் சொல்லுங்கள், தாள் தொலையாது.

வலியை அளக்க 'பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை' என்று கேட்கச் சொல்லித் தருவார்கள். வயதானவர்களிடம் அது எடுபடாது. நான் ஒரு தாத்தாவிடம் கேட்டபோது, 'பத்தாவது? முழுசா பதினாறு அணாவும் வலிக்குது தம்பி' என்றார். அதற்கப்புறம் நானும் அணாவில்தான் கேட்டேன். மருந்துக்குப் பிறகு எட்டணா ஆனது. அளவுகோல் எதுவானால் என்ன, நேற்றும் இன்றும் அதே கோலாக இருந்தால் சரி. வலி உடம்பில் மட்டும் இருக்காது என்பதும் அந்தப் பாயில் உட்கார்ந்தால்தான் புரியும். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற நோய்த்தணிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் இதை 'முழு வலி' என்றார். உடம்பு, மனம், வீட்டுச் சூழல், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வலிப்பது. மகள் கல்யாணம் முடியவில்லை என்பதற்கு மார்ஃபின் அளவைக் கூட்டிப் பயனில்லை.

புகைப்படம் எடுக்காதீர்கள். கல்லூரி அறிக்கைக்கு வேண்டும் என்பார்கள். வண்டியைப் படம் பிடித்துக் கொடுங்கள். நோயாளி இறந்த வீட்டில் மீந்த மார்ஃபினை நீங்கள் பையில் போட்டு எடுத்துவரவும் கூடாது. அது சட்டக் கட்டுப்பாட்டில் இருக்கும் பொருள். எப்படித் திருப்பி வாங்கிக் கணக்கில் சேர்ப்பது என்பதற்கு ஒவ்வொரு யூனிட்டுக்கும் நடைமுறை உண்டு. அதன்படி பொறுப்பில் இருப்பவர் செய்யட்டும். பதிவேட்டில் மாத்திரை எப்படி வரவு வைக்கப்படுகிறது, செலவு எழுதப்படுகிறது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். பின்னாளில் வேலைக்குப் போகும்போது உங்களுக்குக் கை கொடுப்பது அதுதான்.

பேசவேண்டிய இடங்கள்

'மார்ஃபின் என்றால் கடைசிக் கட்டம்', 'பழகிப்போகும்', 'மூச்சு நின்றுவிடும்' என்ற மூன்றும் எல்லா வீட்டிலும் வரும். வலிக்கு ஏற்ற அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் மூச்சுக்கு ஆபத்து அரிது. மார்ஃபின் உயிரைச் சுருக்குவதில்லை. வலியின் காரணம் தீர்ந்தால் மெல்லக் குறைத்து நிறுத்தவும் முடியும். ஆனால் நீண்ட நாள் எடுத்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடம்பு படுத்தும். அது போதைக்கு அடிமையாவது அல்ல, உடம்பு மருந்துக்குப் பழகியிருப்பது. இதை ஐந்து நிமிடத்தில் பேச்சுத்தமிழில் சொல்ல உங்கள் குழுவில் ஒவ்வொருவரும் பழகுங்கள். ஓ.பி. வரிசையில் நின்று சொன்னால் சிறப்பு விருந்தினர் தேவையில்லை.

மருந்துக்கடைக்காரர்களிடமும் பேசலாம். 2018-இல் டிரமடால் என்ற வலி மருந்தும் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வந்த பிறகு பல கடைகளில் அதை வைக்கவே தயங்குகிறார்கள். சீட்டோடு வரும் நோயாளியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கவேண்டாம் என்று சொல்ல, அதே படிப்புக் குடும்பத்தைச் சேர்ந்த உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

அமைப்புகளைப் பயன்படுத்திக்கொள்வது

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் பலர் இங்கிருந்து தொடங்கி இங்கேயே நின்றுவிடுகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு வருடத்துக்கு 240 மணி நேரச் சேவை கணக்கு உண்டு. ஹோம் கேர் நேரத்தை அதில் சேர்க்கமுடியுமா என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். மரம் நடுவதையே எத்தனை வருடம் செய்வது? இந்திய ஃபார்மசூட்டிக்கல் சங்கத்தின் (ஐ.பி.ஏ.) மாணவர் மன்றம் வழியாக, 1949-இல் தொடங்கிய உலக ஃபார்மசி மாணவர் கூட்டமைப்போடு தொடர்பு கிடைக்கும். அதன் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டு மருத்துவமனையில் சில வாரம் இருந்து வரவும் வழி உண்டு. செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் நாள், அதற்கு முந்தைய வாரம் தேசிய மருந்துக் கண்காணிப்பு வாரம். வலி மருந்துகளால் வரும் பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு உங்கள் கல்லூரி மையம் வழியாகத் தெரிவியுங்கள். மையம் இல்லாவிட்டால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

ஐந்தாம் வருட ஆறு மாதப் ப்ராஜெக்ட்டை இந்த வார்டிலேயே செய்யுங்கள். உங்கள் நோட்டிலிருந்தே தலைப்பு கிடைத்துவிடும். ஆனால் அந்த எண்களை ஆய்வாக வெளியிடவேண்டுமென்றால் நெறிமுறைக் குழு அனுமதி முதலில். எல்லாம் முடிந்த பிறகு போய்க் கேட்டால் தரமாட்டார்கள். இந்திய நோய்த்தணிப்புச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்கு ஒரு போஸ்டர் அனுப்பிப் பாருங்கள். ஆறாம் வருட இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதம் இரண்டிரண்டு மாதமாக மூன்று சிறப்புத் துறைகள். அதில் ஒன்றாகப் புற்றுநோய்ப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

ஒப்படைப்பது

நீங்கள் இரண்டு வருடம் நடத்திய வேலை நீங்கள் இல்லாத மூன்றாவது மாதத்தில் நின்றுபோனால் வார்டுக்கு அது ஒரு ஏமாற்றம்; அடுத்த பேட்ச் வந்து கேட்டால் சிஸ்டர் சிரிக்கமாட்டார். அதனால் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே மூன்றாம் வருடத்திலிருந்து இரண்டு பேரைப் பிடியுங்கள். முதல் மாதம் அவர்கள் உங்கள் பின்னால், இரண்டாம் மாதம் நீங்கள் அவர்கள் பின்னால். ரவுண்ட்ஸில் அவர்கள் தப்பாக ஏதாவது சொன்னால் அங்கேயே திருத்தாதீர்கள். வெளியே வந்து திருத்துங்கள்.

ஒரு பழைய நோட்டு, ஒரு புதிய நோட்டு, வேலை செய்பவர்களின் தொலைபேசி எண்கள், யார் எந்த நேரத்தில் கோபமாக இருப்பார்கள் என்ற குறிப்பு. ஒப்படைப்பதற்கு இவ்வளவுதான். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் பாட்டியின் கதையை நான்கு வரியில் எழுதி, கீழே 'வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டின் இரண்டு பக்கத்தையும் வாசித்துக் காட்டு' என்று எழுதிவைத்தேன். இன்னொன்று, ஒப்படைக்கும் கூட்டத்தைத் தேர்வுக்கு முன்பே வைத்துவிடுங்கள். தேர்வு முடிந்த மாலை வைத்தால் நீங்களும் நோட்டும் மட்டும்தான் இருப்பீர்கள். எனக்கு அப்படித்தான் ஆனது, மறுநாள் ஹாஸ்டல் அறை அறையாக ஏறி இறங்கித்தான் ஆளைப் பிடித்தேன்.